வலிக்காத பாதம்

அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி வாசலுக்கே வந்துவிடும். பொழுது சாயும்போதே கிரிவலப் பாதையில் கூட்டம் கனக்கத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு எதிர்க்கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்க வேண்டுமென்றால்கூட நடப்பவர்களுக்கு நடுவே இடைவெளி பார்த்துத்தான் சாலையைக் கடக்க வேண்டும். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே, எங்கள் ஊர் மேற்கே. மலையைச் சுற்றினால் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிப் புறப்பட்டவர்கள் எங்கள் திண்ணைப் பக்கம் வரும்போது பாதி வழி ஆகியிருக்கும். முதல் பாதியின் பேச்சும் சிரிப்பும் இங்கே அடங்கிவிடும். ஆளாளுக்குச் சுவரோரம் உட்கார்ந்து, பாதத்தை மடியில் தூக்கிவைத்துத் தேய்த்துக்கொள்வார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நானும் நடந்தவள்தான். பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்து, சமையலை முடித்து, இரவில் கிளம்பிவிடுவேன். ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் உறவுக்கூட்டத்துக்கு நான்தான் முன்னால் போவேன். பாதி வழியில் எல்லாரும் உட்காரும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். "அண்ணி கூட வந்தா யாரும் உட்கார முடியாது" என்று என் நாத்தனார் சொல்வாள். இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்: அண்ணாமலையார் என்னை எத்தனை சுற்று சுற்றவைத்தாரோ தெரியாது, அந்த ஒரு வாக்கியம் பல சுற்று சுற்றவைத்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. என் வயதில், என் தெருவில், இது பெரிய செய்தி அல்ல. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. மாத்திரை போட்டுக்கொள்வேன், மாதாமாதம் ரத்தம் கொடுப்பேன், சோற்றைக் குறைத்தேன். கால் மட்டும் தொந்தரவு கொடுத்தது. ராத்திரியில் உள்ளங்கால் எரியும். போர்வைக்கு வெளியே நீட்டி, மின்விசிறிக் காற்று படுமாறு படுத்துக்கொள்வேன். சில வருடம் அப்படி ஓடியது. பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று. குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

எரிச்சல் போனதோடு நடையும் சுலபமாகியது. சித்திரை வெயிலில் சூடேறிய தார்ச்சாலை ராத்திரியிலும் கணகணவென்றிருக்கும். மற்றவர்கள் ஓரத்து மண்ணைத் தேடிப் போவார்கள். எனக்கு உறைக்கவில்லை. நடைபாதைக் கல்லின் முனைகள் குத்தவில்லை. ஊரே வலியில் உட்காரும் இடத்தில் எனக்கு மட்டும் வலிக்கவில்லை. இத்தனை வருடம் நடந்ததற்கு மலை கொடுத்த அருள் என்று அதை எடுத்துக்கொண்டேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் அந்த எண்ணம் இனித்துக்கொண்டிருந்தது.

அது அருள் இல்லை என்று எனக்குச் சொன்னது ஒரு நைலான் இழை. கண் பரிசோதனைக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா, "பாதத்தையும் பாத்துடலாமா?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "நான் தொடும்போதெல்லாம் 'உம்'னு சொல்லுங்கம்மா." நான் காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள், வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. "எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்றேன். "முடிச்சிட்டேம்மா" என்றார்.

மீன்பிடி நரம்பு மாதிரி இருக்கும் அந்த இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. பெருவிரல், முன்பாதம், பக்கவாட்டு என்று பல இடத்தில் வைத்து அழுத்துவார்கள். நல்ல கால் அத்தனை இடத்திலும் உணரும். அடுத்து 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதன் அதிர்வு மணிக்கட்டில் தெரிந்தது, காலில் தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால், மிக நீளமான நரம்புகள் நுனியிலிருந்து பழுதாகும் என்று விளக்கினார். அதனால்தான் கால்விரல்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. எரிச்சல் என்பது நரம்பு போட்ட கூச்சல். கூச்சல் ஓய்ந்தது நரம்பு சுகமடைந்ததால் அல்ல.

அவர் மேசைமேல் ஒரு காகிதத்தில் மூன்று கட்டளைகள் எழுதினார். வெறுங்காலோடு ஓரடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். ஒரே நேரத்தில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். "கிரிவலம்?" என்று கேட்டேன். திருவண்ணாமலையில் தொழில் செய்யும் டாக்டரிடம் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களோ! அவர் கோபிக்கவில்லை. "14 கிலோமீட்டர்னா 20,000 அடிக்கு மேல. ஒவ்வொரு அடியும் எங்க விழுதுன்னு உங்க காலுக்குத் தெரியாதும்மா" என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் பால் பிராண்ட் என்ற மருத்துவரின் எழுத்திடம் போய்ச் சேர்ந்தேன். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சுலபமாகத் திருப்பிவிட்டான். கையைப் பார்த்தால் விரலில் சதை எலும்புவரை கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. தூங்கும்போது எலிகள் விரலைக் கடித்த சம்பவங்களும் அங்கே நடந்தன. சதை தானாக அழுகவில்லை; வலி இல்லாததால் அவர்கள் அறியாமல் தங்களைச் சிதைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டு சொன்னது, தொழுநோய் சிகிச்சையையே மாற்றியது. சர்க்கரைக் காலுக்கும் அதே அறிவுதான் பிற்பாடு உதவியது. நான் இன்று போட்டிருக்கும் எம்.சி.ஆர். செருப்பின் மிருதுவான ரப்பர் அடி, வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அந்த நோயாளிகளுக்காகத் தேடிக் கண்டடைந்தது.

அவர் எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-இல் வலியைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இரண்டு விஷயங்கள் என்னை உலுக்கின. ஒன்று, நடையைப் பற்றியது. நல்ல கால் உள்ளவர் வெகுதூரம் நடக்கும்போது தனக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பாராம். முன்பாதம் களைத்தால் பாரம் விளிம்புக்கு மாறும், கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்கு. உணர்வற்ற பாதம் அப்படி மாறாது. முதல் அடி எப்படி விழுந்ததோ, கடைசி அடியும் அதே இடத்தில் அதே பாரத்தோடு விழும். ஒரு தடவைக்கு ஒன்றும் செய்யாத மெல்லிய அழுத்தம், ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான முறை விழும்போது உள்ளேயே புண்ணாகிவிடுகிறது. என் நடையை நினைத்துப் பார்த்தேன். நொண்டாத, சோராத, உறவுக்கூட்டம் மெச்சிய நடை.

இன்னொன்று, அவர் தோற்ற கதை. அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, உணர்வற்ற கைகளுக்குச் செயற்கை வலி ஒன்றை உருவாக்கப் பார்த்தார். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவு மீறினால் ஒலி எழுமாறு அமைத்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சரி, உணர்வு மிச்சமிருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். அது வேலை செய்தது. ஆனால் அளவு மீறினால்தான் முடியும் என்கிற வேலை வந்ததும், அவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார். நம் உடம்பின் வலியை நம்மால் அணைக்க முடியாது. அதன் அதிகாரமே அங்கேதான் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

இதைப் படித்த பிறகு டாக்டரம்மாவின் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையுறை அந்தக் காகிதம்தான். அணைக்க வேண்டுமென்று நான் நினைக்கிற நேரம் எது என்பதும் எனக்குத் தெரியும். நிலா ஏறி, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று வாசலில் குரல் எழும்பி, நாத்தனார் "கிளம்பலாமா அண்ணி?" என்று கேட்கிற நேரம். மற்ற நாளில் எனக்குக் கட்டளைகளை மீற ஆசையே வராது.

ஆகவே எனக்கான வரம்பை நானே இப்படி வைத்துக்கொண்டேன்: பௌர்ணமி அன்று நடப்பதே இல்லை. பாதி தூரம், கால் தூரம் என்ற பேச்சும் இல்லை. கூட்டத்துக்குள் காலை வைத்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கிற ஆள் நானாக இருக்க மாட்டேன். வலி இருப்பவர்கள் வழியில் முடிவெடுக்கலாம். வலி இல்லாதவள் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். சாதாரண நாட்களில், விடிகாலையில், செருப்போடு, டாக்டர் படிப்படியாகக் கூட்டிக்கொடுத்த தூரம் மட்டும் மலையை வலப்பக்கம் வைத்து நடப்பேன். அதற்கு மேல் டவுன் பஸ். வீடு வந்ததும் செருப்பைக் கழற்றி, பாதத்தில் எங்காவது சிவப்போ சூடோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுநாள் நடை கிடையாது. கோயிலுக்குள் வெள்ளைக் காலுறையோடு போகிறேன். வெள்ளை எதற்கென்றால், ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சொல்ல எளிது. வெளியில் செருப்பு போடுவதைவிட வீட்டுக்குள் போடுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. எங்கள் அத்தைக்கு எண்பதைத் தாண்டிய வயது. வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்தில் ஒருவரையும் செருப்புக் காலோடு நிற்க விட்டதில்லை. வீட்டுக்கென்று தனியாகத் தைத்த ஜோடியைப் போட்டுக்கொண்டு நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் அவர் முகம் போன போக்கு! "வூட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி இருக்கற எடமாச்சே" என்றார். நான் வாதாடவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அவர் கையில் கொடுத்து, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன் அத்தை, நீங்க உள்ளங்காலைத் தொடுங்க. தொட்டா சொல்றேன்" என்று காலை நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். குச்சி பாதத்தின்மேல்தான் இருந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும்போது வீட்டுச் செருப்பு கட்டிலுக்குக் கீழே, கால் இறக்கும் இடத்தில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. சாமி அறை வாசலில் மட்டும் கழற்றிவிட்டு, மடித்துப்போட்ட பாய்மேல் நின்று கும்பிடுகிறேன். அந்தப் பாயைப் போடுவதும் அத்தைதான்.

உறவுக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. "நடக்க நடக்கச் சர்க்கரை குறையும்னுதானே சொல்றாங்க", "மலையைச் சுத்தினவங்களுக்கு மலை கெடுதல் செய்யுமா?" முதல் கேள்வி நியாயமானது, நடை நல்லதுதான், என் பாதம் தாங்குகிற அளவுக்கு. இரண்டாவதுக்கு நான் ரமணரைச் சொல்வேன். 1896-இல் இங்கே வந்து, 1950-இல் சமாதியாகும்வரை இந்த மலையை விட்டு அகலாதவர். கிரிவலத்தை அவர்போல உயர்த்திப் பேசியவர் குறைவு. நிறைமாத கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் விதி. அவரோடு போனவர்கள் அப்படித்தான் இரவெல்லாம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவரே 1926 வாக்கில் கிரிவலம் போவதை நிறுத்திவிட்டார். அவர் கிளம்பினால் ஆசிரமத்து வேலையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் கூடவே கிளம்பினார்கள் என்பதுதான் காரணம். அவர் நிறுத்தியது உடம்பு முடியாமல் அல்ல, சுற்றியிருப்பவர்களைப் பார்த்து. எனக்கு இதில் கற்க இருந்தது நிறைய. நான் முன்னால் போனபோது எனக்குப் பின்னால் வலியோடு உட்காராமல் நடந்தவர்கள் எத்தனை பேர் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஊரே நிறுத்திக்கொண்ட வருடமும் உண்டு. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். பன்னிரண்டாம் நாள் கார்த்திகை தீபம். அதற்கு முன்பெல்லாம் அன்று சீட்டு கொடுத்துப் பக்தர்களை மலையேற விடுவார்கள். அந்த வருடம் மண்ணியல் வல்லுநர்கள் மலையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதன்பேரில் பக்தர்கள் யாரும் ஏறக் கூடாது என்று அரசு நிறுத்தியது. கொப்பரையும் நெய்யும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். கீழே நின்று பார்த்தவர்களுக்கு மலை எப்போதும்போல்தான் தெரிந்தது. உள்ளே ஈரம் ஊறி மண் இளகியிருந்தது கண்ணுக்குத் தெரியாது. ஏற முடியாமல் போனதில் எங்கள் தெருப் பையன்களுக்கு அப்படியொரு ஏக்கம். டிசம்பர் 13 மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏறியது. அந்தப் பையன்களும் எங்களோடு தெருவில் நின்றுதான் கும்பிட்டார்கள்.

எங்கள் அடி அண்ணாமலைக் கோயிலில் ஆதி அருணாசலேஸ்வரரைப் பிரம்மா பிரதிஷ்டை செய்தார் என்பது தலபுராணம். சிவனின் அடிமுடியைத் தேடிய கதையைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்வேன், பிரம்மாவைத் திட்டுவதற்காக. இப்போது அந்தச் சந்நிதியில் காலுறையோடு உட்காரும்போது மனம் பன்றியாய்ப் பூமியைத் தோண்டிப்போன விஷ்ணுவிடம் போகிறது. அவர் திரும்பிவந்து "எட்டவில்லை" என்று சொன்னார். அவ்வளவுதான். முடியைப் பார்த்துவிட்டேன் என்ற பிரம்மாவுக்குத்தான் தாழம்பூ சாட்சி தேவைப்பட்டது. "இந்தப் பௌர்ணமிக்கு முழுசா சுத்துனீங்களா?" என்று சென்னையிலிருந்து யாராவது போனில் கேட்கும்போது, "ஆமாம்" என்ற சொல் எனக்கு இன்னமும் வாய்வரை வருகிறது. "இல்லை, நான் நடக்கறதில்லை" என்று சொல்வதற்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது.

குறை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. குபேர லிங்கத்தைத் தாண்டி, இடுக்குப் பிள்ளையார் பக்கம் விடியற்காலையில் எல்லாரோடும் நடந்து வருவது இனி எனக்கு வாய்க்காது. அதை ஈடுகட்ட வேறு எதையும் நான் தேடவில்லை.

போன மாசிப் பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்கள். பாதி வழியில் எங்கள் திண்ணையில் எல்லாரும் சரிந்து உட்கார, அவர் மட்டும் நின்றுகொண்டு மோர் குடித்தார். "முன்னயெல்லாம் இந்த எடம் வந்தா உயிர் போயிடும்க்கா. இப்ப வலிக்கறதே இல்ல" என்றார். அவருக்கும் சர்க்கரை உண்டு. நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: வலது முன்பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி, சுற்றிலும் ரத்தம் காய்ந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் மீதி வழியை முடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். நாத்தனாருக்கு என்மேல் கோபம். பாதியில் விட்டால் நல்லதில்லை என்றாள். நான் வழி மறித்துக்கொண்டு நின்றேன். அவர்களிடம் அவ்வளவு கடுமையாக நான் பேசியதே கிடையாது. கடைசியில் மற்றவர்கள் போனார்கள், அவர் எங்கள் வீட்டில் தங்கினார். காலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சில்லை எடுத்து, கட்டுப்போட்டு, பாத உணர்வுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து ஆரணியிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். கோபம் முழுதாகத் தீரவில்லை, குரலில் தெரிந்தது. "அண்ணி, அந்தச் செருப்புப் பேரு என்ன சொன்னீங்க?" என்றாள். எம்.சி.ஆர். என்றேன். பேனா எடுத்துவந்து எழுதிக்கொண்டாள். "பின்னால வார் வெச்சதா வாங்கு. வூட்டுக்குள்ள போட இன்னொரு ஜோடி தனியா தைக்கச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. "வூட்டுக்குள்ளயா? எங்க மாமியார் இருக்காங்களே அண்ணி" என்றாள்.

"போனை அவங்ககிட்ட குடு. நான் பேசறேன்" என்றேன்.